அப்பத்தா பெயரில் 20 லட்சம் ரூபாய்: செட்டிநாட்டில் யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சென்ற ஆண்டு அவருடைய அப்பத்தா காலமாகிவிட்டார். பேரப்பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து 20 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். காரைக்குடிப் பக்கத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு உதவும் மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ அதை அப்பத்தா பெயரில் கொடுக்க வேண்டும். எதற்குக் கொடுத்தால் நல்லது, நாங்களே ஓர் அறக்கட்டளை தொடங்கிவிடலாமா, அப்பத்தா பெயர் என்றைக்கும் நிலைக்க என்ன வழி, திதியன்று குழந்தைகளுக்குச் சாப்பாடு போடலாமா என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. போகிற போக்கில் இன்னொரு செய்தியையும் சொல்லியிருக்கிறார்: கேட்பவர் சிங்கப்பூர்க் குடிமகன், மற்ற மூவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள். அவர் சாதாரணமாகச் சொன்ன அந்தச் செய்திதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மருத்துவமனையா பள்ளியா என்று கேட்டாலும், அவர் மனத்தில் இருப்பது வேறொன்று என்று நினைக்கிறேன். காசோலையைக் கொடுத்து, புகைப்படம் எடுத்து, விமானம் ஏறிய பிறகு, யாரும் வந்து பார்க்காத மாதங்களிலும் அந்தப் பணம் ஒரு குழந்தைக்குப் போய்ச் சேருமா என்பதே அது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டயக் கணக்காளராக இருக்கிறேன். சம்பாத்தியத்தில் பாதி வியாபாரிகளிடமிருந்து வந்தது. மனம் தோய்ந்து பார்த்த வேலை அறக்கட்டளைகளின் கணக்குத் தணிக்கை. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பத்தில் பிறந்தவன் அல்லன். அவர்கள் கணக்கைப் பார்த்தே வளர்ந்தவன். எந்த மருத்துவமனையில் வைத்தியம் உசத்தி, எந்தப் பள்ளியில் பாடம் நன்றாக நடக்கிறது என்றெல்லாம் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பணம் உள்ளே போனதும் அது என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்ல முடியும். நிறுவனங்களின் பெயரைச் சொல்லிப் பரிந்துரைக்கவும் மாட்டேன். நான் கணக்குப் பார்க்கும் இடங்களும் அவற்றுள் இருக்கக்கூடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கட்டடத்துக்குக் கொடுக்காதீர்கள். செட்டிநாட்டில் வேறு எதற்குப் பஞ்சம் இருந்தாலும் கட்டடத்துக்கு இல்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரமும் முட்டைச் சுண்ணாம்பு பூசிய சுவருமாக, யாரோ ஒரு ஐயா அந்தக் காலத்தில் கட்டிக்கொடுத்த மருந்தகங்களும் பாடசாலைகளும் இந்த வட்டாரத்தில் எத்தனையோ உண்டு. சிலவற்றில் இன்றும் கூட்டம் நெரிகிறது. சிலவற்றில் ஒரு கம்பவுண்டரும் ஒரு மேசையும்தான் மிச்சம்.

ஏன் அப்படி ஆயிற்று என்பதற்குக் கணக்குப் பேரேடுகளே சாட்சி. நகரத்தார் வட்டிக்கடைகளில் தருமம் என்பது மனம் இருந்தால் கொடுப்பது என்று விடப்பட்டிருக்கவில்லை. மகமை என்று பேரேட்டில் அதற்கொரு தனிக் கணக்கு உண்டு. இலாபத்தில் ஒரு பங்கு சாமி பெயரில் தனியாக வரவாகும். கோயிலுக்குப் புள்ளி வரி என்று கல்யாணமான ஒவ்வொரு குடும்பத் தலைக்கும் கணக்கு உண்டு. ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்கும்போது தருமப் பற்று வரவும் அதில் ஏறும். இவ்வளவு ஒழுங்காக நடந்த தருமங்கள் நின்றுபோனதற்கு எவருடைய நேர்மைக் குறைவும் பெரும்பாலும் காரணம் இல்லை. ரங்கூன் கடை வருமானத்திலிருந்து நடத்தும்படியும், பர்மா நெல் நிலங்களின் குத்தகையிலிருந்து நடத்தும்படியும் எழுதிவைத்த சாசனங்களை நானே கையில் வைத்துப் படித்திருக்கிறேன். ‘சந்திர சூரியர் உள்ளவரை’ என்று முத்திரைத்தாளில் எழுதியிருக்கும். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தது. 1948இல் அந்த நாட்டின் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. சந்திரனும் சூரியனும் அப்படியே இருக்கின்றன.

நிலம் போனதால் வந்த வினை, வங்கியில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். அதையும் பார்த்தாயிற்று. எண்பதுகளில் ஒரு குடும்பம், தாயார் நினைவாக ஒரு தரும மருத்துவமனையில் 10,000 ரூபாய் வைப்புநிதி போட்டது. ஆண்டுக்கு ஒரு நாள், அந்த ஆச்சியின் நினைவு நாளில், குழந்தைகள் பிரிவில் எல்லாருக்கும் பாயசத்தோடு சாப்பாடு போட வேண்டும். அன்றைக்கு வட்டி பத்து சதவீதத்துக்கு மேல். ஆயிரம் ரூபாயில் பந்தியே நடந்தது. இன்று வட்டி ஆறரை சதவீதம் என்று வைத்தால் 650 ரூபாய். நான் தணிக்கைக்குப் போயிருந்த ஒரு நாளில் மேற்பார்வையாளர் அம்மாள், பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலங்கள் 65 வாங்கி மேசைமேல் அடுக்கி வைத்திருந்தார். பதிவேட்டைப் பார்த்து ஆச்சியின் பெயரை உரக்கப் படித்துவிட்டு, படுக்கை படுக்கையாகக் கொடுத்துக்கொண்டு போனார். தப்பு யார்மேலும் இல்லை. ஒவ்வொரு காசுக்கும் இரசீது இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அந்த ஆச்சி நினைத்தது பிஸ்கட் இல்லை.

நகரத்தார் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், வட்டியைச் செலவழி, முதல் பணத்தில் கை வைக்காதே என்பது. தொழிலுக்கு அது சரி. தருமத்துக்கு, அதுவும் 20 லட்சம் அளவுள்ள தருமத்துக்கு, நான் நேர்மாறாகச் சொல்கிறேன்: முதலோடு சேர்த்துச் செலவழித்துத் தீர்த்துவிடுங்கள். கணக்கைப் பாருங்கள். 20 லட்சத்தை ஆறரை சதவீதத்தில் போட்டு வட்டியை மட்டும் எடுத்தால் ஆண்டுக்கு 1,30,000 ரூபாய். மாதம் பதினோராயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பத்து ஆண்டில் அந்தப் பதினோராயிரம் எவ்வளவு இளைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே பணத்தைப் பத்து ஆண்டில் வட்டியும் முதலுமாகத் தீரும்படி எடுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,78,000; மாதம் 23,000. வட்டிக்கு நீங்கள் கட்டும் வருமான வரி போகக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பதினோராயிரத்தை நம்பி யாரும் ஓர் ஆளை வேலைக்கு வைக்கத் துணிய மாட்டார்கள். 23,000 பத்து ஆண்டுக்கு உறுதி என்றால் வைப்பார்கள். இன்று ஐந்து வயதாக இருக்கும் பிள்ளை அந்தப் பத்து ஆண்டில் பத்தாம் வகுப்புக்கு வந்துவிடும்.

‘அழகப்பர் கட்டடம் கட்டவில்லையா’ என்று யாராவது கேட்பார்கள். கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்ப செட்டியார் காரைக்குடியில் 1947இல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வுக் கழகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1957இல், 48 வயதுகூட நிறையாமல், அழகப்பர் மறைந்தார். அவருடைய கொடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் தொகையைச் சொல்லி வியக்கிறார்கள். கணக்குப் பார்க்கிறவனுக்கு அதைவிட வியப்பு வேறு ஓர் இடத்தில். அவர் நிலமும் பணமும் கொடுத்தார். மாதச் சம்பளத்தைக் கொடுக்க அரசாங்கம் வந்து உட்கார்ந்தது. தான் போன பிறகும் சம்பளம் கொடுக்கக்கூடிய ஒருவரை ஊருக்கு இழுத்துவந்த கொடை அது. 20 லட்சத்தில் நாம் அழகப்பர் ஆக முடியாது. ஆனால் சம்பளம் எங்கிருந்து வரும் என்று முதலில் கேட்கும் அந்தப் புத்தியைக் கடன் வாங்கலாம்.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் கொடுத்ததன் விளைவை இரண்டு இடங்களில் பார்த்தேன். ஒரு கிராமத்துப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு நன்கொடையாளர் கழிப்பறைத் தொகுதி கட்டிக்கொடுத்திருந்தார். நல்ல வேலை, தரையில் ஓடு, சுவரில் பெயர்க்கல். மூன்றாம் ஆண்டில் நான் போனபோது பூட்டியிருந்தது. சாவி தலைமையாசிரியையின் மேசை இழுப்பறையில், சாக்பீஸ் டப்பாவுக்குள் இருந்தது. சுத்தம் செய்ய ஆள் இல்லை, மோட்டார் பழுது, திறந்தால் நாறும், அதனால் பூட்டிவிட்டேன் என்றார். அவர் பேச்சில் ஒளிவுமறைவு இல்லை. கட்டடத்துக்கு ஆன செலவில் இருபதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒரு துப்புரவுப் பெண்ணுக்குக் கொடுத்திருந்தால் அந்தச் சாவிக்கு வேலையே இருந்திருக்காது.

இன்னோர் இடம், ஒரு சிறிய தரும மருத்துவமனை. மஞ்சள் காமாலையோடு பிறக்கும் குழந்தைகளைக் கிடத்தும் நீல விளக்குக் கருவி ஒன்று நன்கொடையாக வந்திருந்தது. இருப்புப் பட்டியலில் ‘நல்ல நிலையில்’ என்று எழுதியிருந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் சரிபார்த்துக் குறியிடும்போது வயதான செவிலியர் ஒருவர் மெல்லச் சொன்னார்: ‘சார், இது நீலமாகத் தெரியும். ஆனால் குழல் பழசாகிவிட்டால் சத்து இருக்காது. இத்தனை மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். மாற்றிப் பல நாள் ஆகிவிட்டது.’ எரிகிற விளக்கைப் பார்த்து நல்ல நிலையில் என்று நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அன்றிலிருந்து எந்தக் கருவியைப் பார்த்தாலும் பராமரிப்பு ஒப்பந்தம் எங்கே என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நீங்களும் கேளுங்கள்.

இனி, மருத்துவமனை என்றால் எதற்குக் கொடுப்பது? பெரிய அறுவைச் சிகிச்சைச் செலவுக்கு உங்கள் பணம் தேவைப்படும் வாய்ப்பு முன்பைவிடக் குறைவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கிறது. பிறவி இதயக் கோளாறுக்கான அறுவைச் சிகிச்சையும், காது கேளாத சிறு குழந்தைக்கு உட்செவிக் கருவி பொருத்துவதும் அதில் அடங்கும். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. ஓட்டை இருப்பது அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும். காரைக்குடியிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. மதுரைக்குப் போகும் புறநகர்ப் பேருந்தில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாதம் இருமுறை போய்வரும் தாய்க்கு அந்த நாளின் கூலியும் போகிறது. மூன்றாவது தடவையோடு நிறுத்திவிடுகிறார்கள். உட்செவிக் கருவி பொருத்திய குழந்தைக்கு அதன்பின் மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும்; அது இல்லாமல் போனால் கருவி தலையில் இருந்தும் பயன் அரைகுறைதான். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு வாரந்தோறும் இயன்முறைப் பயிற்சி தேவை. இவற்றுக்கெல்லாம் காப்பீட்டு அட்டை ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும்.

ஒரு தாயும் குழந்தையும் மதுரைக்குப் போய்வர, சாப்பாடும் சேர்த்து 600 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 23,000 ரூபாயில் 38 பயணங்கள். அல்லது அதே தொகையில் ஒரு பயிற்சியாளரைப் பகுதி நேரமாகக் காரைக்குடிப் பக்கமே வரவழைத்தால் அந்த 38 பயணங்களும் தேவைப்படாமலே போகலாம். இரண்டில் எது நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது ஆள் கிடைப்பதைப் பொறுத்தது. அதை அந்தந்த மருத்துவமனையோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே உட்கார்ந்து நான் சொல்வது சரியாக இருக்காது.

பள்ளி என்றால், அரசு ஏற்கெனவே கொடுப்பதையே நீங்களும் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நோட்டும் பையும் வாங்கிக்கொண்டு வந்து நிற்பதை ஒவ்வொரு ஜூனிலும் பார்க்கிறேன். அரசுப் பள்ளியில் பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் விலையில்லாமல் கிடைக்கின்றன. மதிய உணவு காமராசர் காலத்திலிருந்து இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அரசுப் பள்ளிக்கு நேராக ஏதாவது செய்ய விரும்பினால் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ என்ற அரசின் திட்டம் 2022 டிசம்பர் முதல் இருக்கிறது. எந்தப் பள்ளிக்கு எந்தப் பணி என்று குறிப்பிட்டே கொடுக்கலாம்.

செட்டிநாட்டுக்கே உரிய இன்னொரு வகை, நகரத்தார் குடும்பங்கள் தொடங்கி இன்று அரசு உதவி பெறும் பள்ளிகளாக இருப்பவை. வெளியே பார்த்தால் செட்டியார் பள்ளி. பணம் படைத்த இடம் என்று தோன்றும். உள்ளே கணக்கு வேறு. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கான சம்பளத்தை அரசு தருகிறது. கட்டடம், மராமத்து, அனுமதிக்கு மேல் தேவைப்படும் ஆட்கள் எல்லாம் நிர்வாகத்தின் தலையில். நிர்வாகக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டது. படிக்கிறவர்கள் சுற்றுவட்டாரக் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள். எனக்குத் தெரிந்து குறைந்த பணம் அதிக வேலை செய்யும் இடம் இதுதான். மாலை ஐந்திலிருந்து ஏழு மணிவரை, ஊரிலேயே படித்துவிட்டு வீட்டில் இருக்கும் இரண்டு பெண்களை வைத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு வாசிப்பு சொல்லிக்கொடுக்க மாதம் 15,000 ரூபாய் போதும். மீதியில் கண் பரிசோதனை, மூக்குக் கண்ணாடி. கரும்பலகை தெரியாததால் மக்கு என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் உண்டு. என் சொந்தத் தம்பியே ஏழாம் வகுப்புவரை அப்படித்தான் இருந்தான்.

இரண்டில் எது என்று கழுத்தைப் பிடித்துக் கேட்டால், நான் மருத்துவமனைப் பக்கம் சாய்வேன். அதிலும் பயணச் செலவுக்கும் பயிற்சிக்கும். பள்ளிக்குப் பழைய மாணவர்கள் என்று யாராவது வருவார்கள். குணமாகிப் போன குழந்தையின் குடும்பம் அந்த வாசலுக்குத் திரும்பி வராது. இது என் அபிப்பிராயம்தான்.

சொந்தமாக அறக்கட்டளை தொடங்கலாமா? வேண்டாம். 20 லட்சத்துக்கு அது பொருந்தாத சட்டை. பத்திரப் பதிவு, வருமான வரித் துறையில் அறக்கட்டளைக்கு வரி விலக்குத் தரும் 12ஏபி பதிவு, நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி அனுமதி, ஆண்டுதோறும் கணக்கும் வரி அறிக்கையும், காலம் முடிந்தால் மறுபதிவு என்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் வேலை. அதைவிடப் பெரிய சிக்கல், பங்காளிகள் நான்கு பேர் அறங்காவலர்கள். இருபது ஆண்டு கழித்து அவர்கள் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், ஐந்து நாடுகளில். ஒரு கையெழுத்துக்காக வங்கியில் முடங்கிக் கிடக்கும் தருமப் பணத்தை நான் பார்த்திருக்கிறேன். நோக்கமே காலாவதியான பொது அறக்கட்டளையின் திட்டத்தை மாற்ற, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் நீதிமன்றம் போக வேண்டிவரும். நன்றாக நடக்கும் ஓர் அமைப்புக்குள்ளேயே அப்பத்தா பெயரில் ஒரு நிதியைத் தனிக் கணக்காக வைக்கச் சொல்லி, ஆண்டுக்கொரு முறை அந்தக் கணக்கை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

இப்போது குடியுரிமைக்கு வருகிறேன். இதில் என் அபிப்பிராயம் எதுவும் இல்லை, சட்டம். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன்படி, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் கணக்கு; பணம் டாலரா ரூபாயா என்பது பொருட்டே இல்லை. சிங்கப்பூர்க் குடிமகன் தன் காரைக்குடி வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பே. இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அப்படியே. இந்தியக் கடவுச்சீட்டோடு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. ஆகவே நான்கு பேரில் மூவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கேள்வி கேட்டவர், இந்தச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புக்கு மட்டுமே கொடுக்க முடியும். அந்தப் பணமும் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அந்த அமைப்பு வைத்திருக்கும் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். அங்கிருந்து அதை இன்னோர் அறக்கட்டளைக்கு மாற்றிக்கொடுக்கவும் 2020 திருத்தத்துக்குப் பிறகு அனுமதி இல்லை. புதிதாகத் தொடங்கும் அறக்கட்டளைக்கு இந்தப் பதிவு உடனே கிடைக்காது. பொதுவாக மூன்று ஆண்டுகள் இயங்கி, 15 லட்சம் ரூபாய் தன் பணிக்குச் செலவிட்டிருக்க வேண்டும்.

‘சித்தப்பா கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன், அவர் தன் பெயரில் கொடுத்துவிடட்டும்’ என்ற யோசனை எல்லாக் குடும்பத்திலும் வரும். செய்யாதீர்கள். வெளிநாட்டு மூலத்திலிருந்து ஒருவர் கைக்கோ பல கைகளுக்கோ மாறி வந்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகவே கருதப்படும் என்று அந்தச் சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. சித்தப்பாவுக்கு வருவதைவிடப் பெரிய ஆபத்து அதை வாங்கிய மருத்துவமனைக்கு. உங்கள் ஐந்து லட்சத்தால் அவர்களுக்கு நோட்டீஸ் வந்தால் அப்பத்தாவுக்குப் புண்ணியம் சேராது.

வரிச் சலுகை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் நினைக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. 80ஜியில் பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழிவு, அதுவும் வருமானத்தில் 10 சதவீத வரம்புக்குள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு அடியோடு இல்லை. கழிவு கோர, அறக்கட்டளை தரும் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். 2025இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டத்தின்படி 2026 ஏப்ரல் முதல் பிரிவு எண்கள் வேறு. நான் பழக்கத்தில் உள்ள எண்களைச் சொல்கிறேன்.

கொடுக்கும் கடிதத்தில் ஒரு சொல் முக்கியம். ‘மூலநிதிக்காக’ என்று எழுதிவிட்டால் அந்தப் பணம் முதலீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுபடியும் பிஸ்கட் கதைதான். அந்தச் சொல்லை எழுதாமல் மொத்தமாகக் கொடுத்தாலும் சிக்கல்: ஓர் அறக்கட்டளை தன் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவிட வேண்டும், அல்லது நோக்கத்தைக் குறிப்பிட்டுப் படிவம் கொடுத்து ஐந்து ஆண்டுவரை மட்டுமே சேர்த்துவைக்கலாம். அதனால் 20 லட்சத்தை உங்களிடமே வைத்துக்கொண்டு, ஏப்ரல் தோறும் ஆண்டுத் தவணையாக, இன்ன வேலைக்கு என்று எழுதிக் கொடுங்கள். சென்ற ஆண்டுக் கணக்கு வந்த பிறகே அடுத்த தவணை. இதைவிடப் பெரிய கண்காணிப்பு எதுவும் தேவையில்லை.

எந்த இடம் நல்ல இடம் என்று கண்டுபிடிக்க, மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கைக் கேளுங்கள். தர யோசிப்பவர்களிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். கணக்கில் சம்பளம், மின்சாரம், மருந்து என்ற மூன்று வரிகளைப் பாருங்கள்; மருத்துவமனையில் நோயாளி கூடினால் மருந்துச் செலவும் கூட வேண்டும். அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ வாடகை, சம்பளம் போகிறதா என்று பாருங்கள். இலவசச் சிகிச்சை என்று சொல்கிறார்களே, எத்தனை பேருக்கு, எவ்வளவு ரூபாய் என்ற பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் உள்ளே வேலை மந்தமாக நடக்கும் இடங்கள் உண்டு. கணக்கு மட்டும் அதைக் காட்டிக்கொடுக்காது. அதனால் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போய், வெளிநோயாளிகள் வரிசையில் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள். காவலாளி தாய்மாரிடம் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். சால்வையோடு வரவேற்கும் நாளில் அது தெரியாது.

பெயர் நிலைக்க வேண்டும் என்று கேட்டதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பள்ளத்தூரில் சீதாலட்சுமி ஆச்சியின் பெயரில் மகளிர் கல்லூரி இருப்பதால்தானே இன்றைக்கும் பெண் பிள்ளைகள் அந்தப் பெயரைத் தங்கள் சான்றிதழில் வைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பத்தாவின் பெயரைப் பயணப்படி கொடுக்கும் சீட்டின் தலையில் அச்சிடச் சொல்லுங்கள். மாதம் 38 தாய்மார் அதைக் கையில் வாங்குவார்கள்.

திதிக்குச் சாப்பாடு போடத் தாராளமாகப் போடுங்கள். அதை இந்த 20 லட்சத்தில் சேர்க்காமல் கைக்காசிலிருந்து செய்யுங்கள். ஒரு வாரம் முன்பே செவிலியர் கண்காணிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். அன்றைக்கு எத்தனை குழந்தைகள் இருப்பார்கள், யாருக்கு உப்பு கூடாது, யாருக்குப் பால் ஆகாது என்று அவர் சொல்வார். வெளியில் சமைத்ததை உள்ளே விடாத இடமாக இருந்தால் அவர்கள் சமையற்கட்டுக்கே மளிகையும் காய்கறியும் வாங்கிக் கொடுத்துவிடலாம். கூட இருக்கும் தாய்மாரையும் எண்ணிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களை யாரும் எண்ணுவதில்லை.